சுவரோரத்துப் பழைய கரை



கடந்த வருடம் எங்கள் வீட்டு ஹோலுக்கு ரைல்ஸ் பதித்தோம். ஊரில் எல்லோரும் அதனை மாபிள் என்றுதான் சொல்வார்கள். பழைய சிவப்புச் சீமெந்து நிலம் பல இடங்களில் வெடித்து, வெடிப்புகளுக்குள் எறும்பு குடியிருந்தது. மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கால் வைக்கப் பயம். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் சீமெந்து விலை ஏறியபோது கைவிட்ட வேலை அது. நான் கட்டிய சீட்டுக்காசு கைக்கு வந்ததும் மறுபடி தொடங்கினோம்.

ரைல்ஸ் பதிக்க வந்தவர் நான்கு நாட்களில் பன்னிரண்டடிக்குப் பதினான்கு அடி ஹோலை முடித்துவிட்டார். வேலை குறை சொல்ல முடியாதது. ஆனால் ஒரு விடயத்தைச் செய்யாமல் விட்டுவிட்டார். சுவரும் நிலமும் சேருமிடத்தில் சுற்றிவர ஓடும் சீமெந்துக் கரையை, மேசன்மார் ஸ்கேட்டிங் என்று சொல்வதை, உடைத்து எடுக்காமலேயே அதன் முகத்தோடு முட்டி ரைல்ஸைப் பதித்திருந்தார். "பழைய கரையை உடைக்கிறது வேற வேலை, அதுக்கு வேற காசு, பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவேயில்லை. வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்துவிட்டதாம்.

வெளிர் நிறப் புது நிலம். அதனைச் சுற்றி, உப்புப் பூத்து, மேல் விளிம்பு உதிர்ந்த கறுப்புக் கரை. ஓரிடத்தில் அடுப்புக் கரி வேறு படிந்திருந்தது. அம்மா அதைப் பார்க்கும் போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அவையள் செய்த வேலை. எத்தினை தரம் கழுவியும் போகேல்லை. அதை முதல் உடைச்சு எறி பிள்ளை" என்பார்.

"அவையள்" யாரென்று நான் சொல்ல வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்கு ஆறு வயது. தென்மராட்சி, பிறகு வன்னி. 1996இல் பலர் ஊர் திரும்பினார்கள். நாங்கள் திரும்பவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது அப்பா மட்டும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். "ஆரோ இருக்கினம். பாவங்கள், இருக்கட்டும். வீடு நிக்குது" என்று சொன்னது எனக்கு ஞாபகம். 2009இல் அப்பாவை இழந்தோம். மெனிக் பாம் முகாமிலிருந்து நானும் அம்மாவும் 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீட்டுக்கு வந்தபோது, அங்கே மயிலிட்டியைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளர் குடும்பம் இருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல இடம் அலைந்து, 1996இல் ஆளில்லாத எங்கள் வீட்டுக்குள் வந்தவர்கள். கணவனில்லாத ஒரு பெண்ணும் மூன்று பிள்ளைகளும்.

அம்மா அவர்களுக்கு ஒரு கிழமை தவணை கொடுத்தார். அவர்கள் ஐந்தாம் நாளே நலன்புரி நிலையமொன்றுக்குப் போய்விட்டார்கள். போகும்போது அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா திரும்பி உள்ளே போய்விட்டார். குசினிக் கூரையைக் காணவில்லை. ஹோலுக்குள் அடுப்பு மூட்டிய கரி. எல்லாவற்றையும் அவர்கள்தான் செய்தார்கள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அந்தக் கோபத்தில் வீட்டைப் பற்றியது மட்டுமல்ல, கடற்கரைச் சனம், தோட்டக்காரச் சனம் என்ற பழைய பாகுபாடும் கலந்திருந்தது. எனக்கு அப்போது இருபது வயது. எனக்கு அது விளங்கியது. ஆனால் நான் ஒன்றும் பேசவில்லை. பின்னர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இடப்பெயர்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். எங்கள் வீட்டிலிருந்து இறங்கிப் போன அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் பகுதியில் மேசன் வேலை பழகிய பெண் ஒருவர் இருக்கிறார். குடும்பத்தைத் தனியே சுமப்பவர். எல்லோருக்கும் அவர் மேசன் அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சுற்றிப் பார்த்தார். முதலில் தலையில் கைவைத்தார்.

"தங்கச்சி, கரையை முதல் உடைச்சுப்போட்டுத்தான் நிலம் பதிக்கிறது. அப்பதான் ரைல்ஸ் சுவர் மட்டும் போகும். புதுக் கரை அதுக்கு மேல வந்து இருக்கும். இப்ப நிலத்தைப் போட்டிட்டு உடைக்கிறதெண்டால் புது நிலத்துக்குக் காவல் இருந்துதான் உடைக்க வேணும்."

பதித்து எத்தனை நாள் என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். "அப்ப இண்டைக்குத் தொடக்கூடாது. கீழ கலவை இறுகேல்லை. சுத்தியல் அதிர்ச்சிக்கு ரைல்ஸ் கிளம்பிவிடும். இன்னும் ஒரு கிழமை போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். மேசனின் நாட்கூலி நாலாயிரம் ரூபாவைத் தாண்டும் காலத்தில், கையில் வந்த வேலையை ஒரு கிழமை தள்ளிப்போட்ட அவருடைய நேர்மையை நான் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவரும் நானும் அம்மாவும் சேர்ந்து தொடங்கினோம். அவர் காட்டித் தந்த முறையை அப்படியே எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் மெயின் சுவிச்சை நிறுத்தினோம். பழைய வீடுகளில் மின்கம்பி சுவரின் அடிப்பக்கத்தால் பூச்சுக்குள்ளே ஓடியிருக்கலாம். பிறகு சுவரோரமாக இரண்டடி அகலத்துக்குப் பழைய காட்போட் மட்டைகளும் அவற்றின் மேல் சாக்குகளும் விரித்தோம். விழுகிற சீமெந்துக் கட்டி புது ரைல்ஸின் முகத்தைக் கீறினால் அது மாறாது. கரையின் மேல் தண்ணீர் தெளித்து ஈரமாக்கினோம். சீமெந்துத் தூசி நெஞ்சுக்குக் கூடாது. ஈரத்துணியை மூக்கோடு சேர்த்துக் கட்டினோம். கண்ணுக்குக் கண்ணாடி. முட்டு வருத்தமுள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளையை அன்று வரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம்.

அடுத்தது கோடு கீறுதல். கரையின் மேல் விளிம்பும் சுவர்ப்பூச்சும் சேருமிடத்தில் உளியின் கூர் விளிம்பால் நீளத்துக்கு ஒரு வெட்டு. இதைச் செய்யாமல் அடித்தால் கரையோடு சேர்ந்து சுவர்ப்பூச்சும் முழங்கால் உயரத்துக்குக் கழன்று வந்துவிடும்.

பிறகு சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டு போனார். "காதைக் குடுங்கோ. டொக் டொக் எண்டு வெறுமையாக் கேக்கிற இடம் ஏற்கனவே சுவரை விட்டிட்டுது. அதில இருந்துதான் தொடங்க வேணும். கெட்டியா இருக்கிற இடத்தில போய் மோதக்கூடாது." வாசல் நிலையின் ஓரத்தில் வெறுமையாகக் கேட்டது. அங்கே கரைக்கும் சுவருக்கும் இடையில் உளியை மேலிருந்து சரித்து வைத்து, சின்னச் சின்ன அடி. ஒரு அடி நீளத் துண்டு அப்படியே கையோடு வந்தது. பின்னால் கறையான் மண்கோடுகள். கரையை விட்டுவைத்திருந்தால் அவை வாசல் நிலைக்கு ஏறியிருக்கும்.

நெம்பும்போது ஒன்றைக் கவனிக்கச் சொன்னார். உளியின் முதுகை ரைல்ஸ் விளிம்பில் ஊன்றி ஒருபோதும் நெம்பக்கூடாது. விளிம்பு தெறித்துவிடும். சுவர்ப்பக்கமாக ஒரு பலகைத் துண்டை வைத்து அதில் ஊன்ற வேண்டும். ரைல்ஸ் மட்டத்துக்குக் கீழே புதைந்து நிற்கும் துண்டைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை. அது அங்கேயே இருக்கலாம், யாருக்கும் தெரியாது.

மொத்தச் சுற்றளவு 52 அடி. மூன்று வாசல்களைக் கழித்தால் 43 அடி. மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அம்மா துண்டுகளைத் தாச்சியில் அள்ளி வெளியே கொட்டினார். அப்பா நின்று பூசுவித்த கரை அது. அம்மா அதற்காக வருந்துவாரோ என்று நான் பயந்திருந்தேன். அவர் வருந்தவில்லை. கரி படிந்த மூலை எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மூலைக்கு வந்தபோது மேசன் அக்கா நிறுத்திவிட்டார். தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

"மற்ற இடமெல்லாம் கரை அரை அங்குலத் தடிப்பு. இந்த மூன்றடி மட்டும் ஒரு அங்குலம் இருக்கு. இது வேற கை."

கரியைச் சுரண்டிப் பார்த்தோம். அப்பா போட்ட கரை கறுப்புச் சாயம் கலந்தது. இது சாயமில்லாத வெறும் சீமெந்து. கரி படிந்ததால் இத்தனை வருடமும் வித்தியாசம் தெரியவில்லை. சாந்தகப்பை பிடித்த கையின் வேலையுமல்ல அது. விரல்களால் இழுத்துப் பூசிய தடங்கள் வரிவரியாக இருந்தன. மெதுவாகக் கழற்றினோம். பின்னால் சுவரே இல்லை. மனிதத் தலையளவு ஓட்டை. அதற்குள் சுண்ணாம்புக் கல்லும் ஓட்டுத் துண்டுகளும் களிமண் வைத்து இறுக்கி அடுக்கப்பட்டிருந்தன. கற்களுக்கு நடுவே துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று தெரிந்தது. மேசன் அக்கா எங்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, குனிந்து, தொடாமல் பார்த்தார். கிழிந்த தகடு போன்ற வெறும் ஷெல் சிதறல். (சகோதரிகளே, உருண்டையாகவோ குழாயாகவோ முழு வடிவத்தில் எது தெரிந்தாலும் கைவைக்க வேண்டாம். வேலையை நிறுத்தி, எல்லோரையும் வெளியேற்றி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.)

"ஷெல் பட்டு உடைஞ்ச இடம். இந்த மூலையிலதான் கூரை மரம் வந்து இருக்குது. இதை ஆரோ உடன அடைச்சிருக்கினம். அடைக்காமல் விட்டிருந்தால் மழைத் தண்ணி போய்ப் போய் இந்த மூலை இறங்கியிருக்கும், அம்மா. கூரையும் வந்திருக்கும்."

அம்மா தாச்சியைக் கீழே வைத்தார். 1995இல் நாங்கள் பூட்டிவிட்டுப் போகும்போது அந்தச் சுவர் முழுதாக இருந்தது. 2010இல் நாங்கள் வரும்போது ஓட்டை இல்லை. இடையில் அந்த வீட்டிலிருந்தது ஒரே குடும்பம். யாரும் எதுவும் சொல்லவில்லை. "வீடு நிக்குது" என்று அப்பா சொன்னது எனக்கு நினைவு வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். அவர் கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவி நெடுநேரம் நின்றார்.

களிமண்ணை எடுத்துவிட்டு, அதே கற்களை ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தில் வைத்து ஓட்டையைக் கட்டினோம். மற்ற இடங்களிலும் பூச்சு உதிர்ந்த பள்ளங்களை நிரப்பினோம். மூன்று நாள் காலையும் மாலையும் நனைத்தோம். அரை அங்குல இடைவெளியைப் புதுக் கரையின் தடிப்பும் அதன் பின்னால் வைக்கும் சாந்தும் சேர்ந்து மூடிவிட்டன. அந்த மூன்றடியில் மட்டும் இடைவெளி அகலம் என்பதால் சாந்து அடைத்து மட்டமாக்க வேண்டியிருந்தது. இரண்டடிச் சதுர ரைல்ஸ் ஒன்றை நாலங்குலக் கீற்றுகளாக வெட்டினால் ஐந்து முழுதாகக் கிடைக்கும். எங்களுக்கு ஐந்து ரைல்ஸ் போதும். ஒரு முழுப் பெட்டி மிஞ்சியது.

என் வேலை காரணமாக மயிலிட்டிப் பக்கம் நான் அடிக்கடி போவதுண்டு. 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்ட பின் அந்தக் குடும்பம் தங்கள் காணிக்குத் திரும்பியது எனக்குத் தெரியும். ஒருமுறை தெருவில் கண்டு, காணாதவள் போலப் போயிருக்கிறேன். இந்த முறை வீட்டைத் தேடிப் போனேன். சொந்தக் காணியில் சின்ன வீடு. குசினிக்கு இன்னும் மண்நிலம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். சுவரைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம் பிள்ளை, நான்தான் அடைச்சது. நாங்கள் வரேக்கயே ஓட்டை இருந்தது. மாரிக்கு வெள்ளம் உள்ளுக்க வந்திட்டுது. ஒருக்காப் பாம்பும் வந்தது, சின்னன் பாயில படுத்திருந்தவள். அந்த நேரம் சீமெந்து எங்க கிடைச்சது? ரெண்டு பேணி கடனா வாங்கி மேலால பூசினனான். குசினிக் கூரை நாங்கள் வரமுன்னமே பறந்திட்டுது. அதாலதான் ஹோலுக்க சமைச்சனாங்கள். கரி பிடிச்சிட்டுது எண்டு எனக்கும் கவலைதான். போகேக்க அந்த மூலையை ஒருக்காப் பாருங்கோ, கெட்டியாக் கட்ட வேணும் எண்டு அம்மாட்டச் சொல்ல வெளிக்கிட்டனான். அவ கேக்கிற நிலையில இருக்கேல்லை. அவவில பிழையில்லை, அப்பாவைப் பறிகுடுத்திட்டு வந்தவ."

பதினைந்து வருடங்களாக அவர் மனதில் நின்றது எங்கள் வீட்டு மூலைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. எங்கள் மனதில் நின்றது கரி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வெறுமையாகக் கேட்கிற இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதை அந்தக் கிழமைதான் படித்திருந்தேன். பத்து நாள் கழித்து இரவுச் சாப்பாட்டின்போது, "அவவின்ர குசினிக்கு இன்னும் மண்நிலமோ?" என்று கேட்டார். "அவையள்" என்ற சொல் அன்றுதான் "அவ" ஆனது. மறுநாள் காலை, "அந்த மிஞ்சின மாபிள் பெட்டியைக் கட்டி வை, பிள்ளை" என்றார்.

இருவரும் போனோம். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா திண்ணையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் முழங்கால் வலியைப் பற்றி இருவரும் கதைத்தார்கள். பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார், "கிணத்தடியில ஒரு தேசி வைச்சனான் அம்மா. இன்னும் நிக்குதோ?"

அந்தத் தேசியை அப்பா வைத்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இத்தனை வருடமும் அதில் ஆய்ந்துதான் ஊறுகாய் போடுகிறோம்.

"நிக்குது. நல்லாக் காய்க்குது. அடுத்தமுறை வரேக்க ஒரு பை கொண்டு வாறன்" என்றார் அம்மா. சொன்னபடி கொண்டும் போனார்.

சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களில் பிறர் வீட்டில் வாழ நேர்ந்தவர்களும் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் பிறர் வாழ்ந்ததைக் கண்டு கொதித்தவர்களும் இருப்பீர்கள். இரண்டும் போர் எங்களுக்குச் செய்தது, நாங்கள் ஒருவருக்கொருவர் செய்ததல்ல. எல்லா வீட்டிலும் இப்படி ஒரு மூலை இருக்குமென்று நான் சொல்ல வரவில்லை. உண்மையாகவே களவும் சேதமும் நடந்த வீடுகளும் உண்டு. ஆனால் கேட்காமல் முடிவு கட்டுவதில் எங்களுக்கு வந்த நட்டம் பதினைந்து வருடம். அம்மாவின் வயதில் அது சிறிய கணக்கல்ல. படித்தவள் என்ற பெயரோடு வாய்மூடி நின்ற என்னுடைய பங்கும் அதில் இருக்கிறது.

பழைய கரையைப் பெயர்த்து எடுத்த பின்புதான் புது நிலம் போட வேண்டும். அதுதான் சரியான ஒழுங்கு. நாங்கள் ஒழுங்கு மாறித்தான் செய்தோம். புது நிலத்தைப் போட்டுவிட்டு, பழையதை அப்படியே சுற்றிவர விட்டுவைத்திருந்தோம். பிந்தினாலும் செய்யலாம் என்று மேசன் அக்கா காட்டித் தந்தார். அவசரப்படாமல், புதியதற்குச் சேதம் வராமல் சாக்கு விரித்து, சின்னச் சின்ன அடியாக.

அவருக்கு இப்போது எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீடுகளில் வேலை கிடைத்திருக்கிறது. உங்கள் ஊரிலும் இப்படி வேலை பழகிய பெண்கள் இருந்தால் கூப்பிடுங்கள். கரையை எப்போது உடைப்பது என்பதை மட்டும் நிலம் பதிக்க முன்னரே கேட்டுவிடுங்கள்.